வானத்துக்கு எதற்கு விளக்கு?

கார்த்திகை பிறந்துவிட்டது. பரண்மேல் ஓராண்டாக உறங்கிய அகல்கள் கீழே இறங்கி, கழுவித் துடைக்கப்பெற்று, நம் இல்லங்களின் மாடத்திலும் பால்கனிக் கட்டையிலும் வெயில் காயும் நாட்கள் இவை. இந்த வேளையில் விளக்கைக் குறைகூறி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். அகலை நாம் குறைகூறவில்லை. அதன் ஒளி வாசற்படியிலும் கோலத்திலும் வருவோர் முகத்திலும் விழுகிறது, அதோடு சரி. நாம் எழுதக் கருதியது, ஒருவருக்கும் பயன்படாமல் வானத்தை நோக்கிச் செல்லும் மின்விளக்கின் ஒளியைப் பற்றி.

சென்ற இரண்டு இதழ்களில், மனை வாங்குவோர் பத்திரத்திலும் குடிநீரிலும் கவனிக்க வேண்டியவற்றை எழுதியிருந்தோம். அவற்றைப் படித்த நம் சங்கத்து அன்பர்கள் நால்வர் ஒரு மாலை நம்மைத் தேடி வந்தனர். நால்வரும் ரயில்வேயில் பணியாற்றுவோர் அல்லது ஓய்வு பெற்றோர். அஜ்னி குவார்ட்டர்ஸை என்றேனும் காலிசெய்தே தீரவேண்டும் என்பதால், நாகபுரியின் தென்புறத்தில் புதிதாக எழும் லேஅவுட் ஒன்றில் மனை வாங்கியிருப்பவர்கள். அதே லேஅவுட்டில் நாமும் ஒரு சிறு மனைக்குத் தவணை கட்டி வருகிறோம். சாலை போட்டாகிவிட்டது, சாக்கடையும் ஆயிற்று, விளக்குக் கம்பம் நடுவதுதான் பாக்கி. இருபது கம்பங்கள், கம்பத்துக்கு ஒன்றாக 100 வாட் வெள்ளை பிளட்லைட். ‘ராத்திரி பகல் மாதிரி இருக்கும்’ என்று மனையை விற்றவர் வாக்களித்திருக்கிறார். மனைதாரர் கூட்டம் அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை. அங்கே எதைக் கேட்பது என்பதே வந்தவர்களுடைய கேள்வி.

இரவு பகல் மாதிரி இருக்கத்தான் வேண்டுமா என்பது நம் கேள்வி. அதை ஒருவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இதே வகை விளக்கை ஏற்கெனவே போட்டுவிட்ட பக்கத்து லேஅவுட் ஒன்றை ஐவருமாகச் சென்று பார்த்தோம். கம்பத்தின் உச்சியில் சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்து நிமிர்த்திப் பிடித்தாற்போல் விளக்கு. சாலையின் அக்கரை வரை ஒளி எட்டட்டும் என்று சாய்த்திருக்கிறார்கள். அது அக்கரையையும் தாண்டி, எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குள் புகுகிறது. அந்த ஜன்னலில் பழைய போர்வை ஒன்றை மடித்துக் கட்டியிருந்தார்கள். கம்பத்தடியில் நின்றால் செய்தித்தாள் படிக்கலாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவிலோ, சாலையில் படுத்திருந்த எருமை ஒன்று நாலடி தூரத்துக்கு வந்த பிறகே நம் கண்ணில் பட்டது. இத்தனை வெளிச்சத்தில் ஓர் எருமை தெரியாமற் போவானேன்?

கண் செய்யும் வேலை அது. பேரொளி நேரே தாக்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது; பிறகு இருட்டிய இடத்தைப் பார்க்கையில் அதற்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முற்றும் பழகுவதற்கு இருபது முப்பது நிமிஷங்கள் ஆகின்றன. வயதானவர்களுக்குக் கண்ணின் வில்லையிலேயே ஒளி சிதறுவதால் கூச்சம் இன்னும் அதிகம். ஆகவே விளக்கு நம் கண்ணுக்குத் தெரிவதும், விளக்கால் சாலை தெரிவதும் வேறு வேறு. பின்னதற்கே நாம் காசு கொடுக்கிறோம்.

எவ்வளவு ஒளி போதும் என்பதற்கு நம் நாட்டிலேயே அளவு வகுத்திருக்கிறார்கள். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 1944 என்ற எண்ணுள்ள விதிமுறை, போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலைகளுக்கு 30 லக்ஸ், 15 லக்ஸ் என்றும், உள்ளூர்ப் போக்குவரத்துள்ள தெருக்களுக்கு 8, போக்குவரத்துக் குறைந்தவற்றுக்கு 4 லக்ஸ் என்றும் சராசரி சொல்கிறது. தெளிந்த வானத்தில் முழுநிலவின் ஒளி ஏறக்குறைய கால் லக்ஸ்தான். அப்படியானால் 4 லக்ஸ் என்பதே பௌர்ணமியைப் போல் ஏறக்குறைய பதினாறு மடங்கு. அது குறைவென்று சொல்வார் யார்?

இனி, மேலே செல்லும் ஒளி என்ன ஆகிறது என்று பார்ப்போம். நேர் மேலாகச் செல்வது காற்றுமண்டலத்தை விரைவிற் கடந்து போய்விடும். அடிவானத்தை ஒட்டி, சற்றே உயர்ந்து செல்லும் ஒளிதான் பொல்லாதது. அது காற்றுமண்டலத்துக்குள் நெடுந்தூரம் பயணம் செய்கிறது. வழியெல்லாம் காற்றின் அணுத்திரள்களிலும் தூசியிலும் பட்டுச் சிதறுகிறது. சிதறியதில் ஒரு பகுதி கீழே திரும்பி வந்து வானத்தையே வெளுக்கச் செய்கிறது. பெருநகரம் ஒன்றின் வெளுப்பு நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிவானத்தில் தெரியக்கூடியது. தட்டைச் சாய்த்தாற்போல் வைத்த விளக்கு அனுப்புவது பெரும்பாலும் இந்தப் பொல்லாத ஒளியைத்தான். பூங்காக்களுக்கு அழகென்று வைக்கும் வெள்ளை உருண்டை விளக்கோ, தன் ஒளியில் ஏறக்குறைய பாதியை மேலே அனுப்பிவிட்டு மீதியில் நமக்குப் படியளக்கிறது.

நிறமும் இதில் சேர்ந்துகொள்கிறது. கடையில் எல்.இ.டி. பல்பு வாங்குகையில் அட்டைப் பெட்டியின் மேல் 6500 கெல்வின் என்றோ 3000 கெல்வின் என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 6500 என்பது நீலம் கலந்த வெள்ளை. 3000 என்பது மஞ்சள் சாய்ந்த வெள்ளை. சிறு துகள்களில் பட்டு ஒளி சிதறும்போது, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கு வீதத்தில் ஏறுகிறது. எல்.இ.டி. விளக்கின் நீல ஒளி ஏறத்தாழ 450 நானோமீட்டர். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் 589. கணக்கிட்டுப் பார்த்தால் நீலம் ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறுகிறது. பகலில் வானம் நீலமாக இருப்பதற்குள்ள காரணமும் இதுவே. அதைச் சொன்னவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பம் மட்டுமன்று, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று 1921-ஆம் ஆண்டுக் கப்பல் பயணத்துக்குப் பின் காட்டியவர் நம் ஸர் சி.வி. ராமன். அந்த ராமன், விஞ்ஞானத்துக்கே முழுநேரமும் வருமுன், நிதித்துறை உத்தியோகஸ்தராக 1910-இல் இந்த நாகபுரிக்கு மாற்றலாகி வந்து ஓராண்டுக்குள் இருந்து சென்றவர். மாற்றல் உத்தரவு என்றால் முகம் சுளிக்கும் நம் அன்பர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

ரயில்வேக்காரருக்கு இந்த விஷயத்தில் புத்திமதி சொல்ல வேண்டியதே இல்லை. சிக்னல் விளக்கைப் பாருங்கள். அதன் நெற்றியில் ஒரு மூடாக்கு உண்டு. ஒளி பக்கவாட்டில் வழியாமல், வெயில் கண்ணாடியில் பட்டுப் பொய்யொளி காட்டாமல், வரும் வண்டியின் டிரைவருடைய கண் இருக்கும் திசைக்கு மட்டும் சிவப்பையும் பச்சையையும் அனுப்புவதற்கென அமைந்தது. சிக்னல் பேரொளி வீசுவதில்லை. ஆயினும் தொலைவிலிருந்தே தெரிகிறது. எங்கே வேண்டுமோ அங்கே, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்ற கணக்கு அதில் இருக்கிறது. அதே ரயில்வேயின் யார்டுகளில் நிற்கும் உயர்கோபுர விளக்குகள் எல்லாம் அப்படி என்று நாம் சொல்லமாட்டோம். சிலவற்றின் முகம் யார்டைப் பார்ப்பதைவிட ஊரைப் பார்ப்பது அதிகம்.

நாகபுரியில் வாழும் நாம் முன்மாதிரிக்காகக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் ஜில்லாவிலேயே, வடக்கே ஜபல்பூர்ச் சாலையையொட்டிக் கிடக்கும் பென்ச் புலிகள் காப்பகம், 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வான் பூங்கா என்று சர்வதேச இருள்வான் அமைப்பின் சான்றிதழ் பெற்றது. ஆசியாக் கண்டத்தில் அது ஐந்தாவது. பலர் அதைக் காட்டுக்குக் கிடைத்த பெருமை என்று எண்ணிவிட்டார்கள். காட்டில் விளக்கே இல்லை. அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது? வேலை நடந்தது காட்டோரத்துச் சிற்றூர்களில். வாகோலி, சில்லாரி, பிபரியா, காபா ஆகிய நான்கு ஊர்களில் நூற்றுக்கு மேற்பட்ட தெருவிளக்குகளையும் பொதுவிளக்குகளையும் மாற்றித் தரையை நோக்கிக் கவிழ்த்தார்கள். செலவைக் கொடுத்தது ஜில்லாத் திட்டக்குழு. விளக்கைப் பிடுங்கிக்கொண்டு அந்த ஜனங்களை இருட்டில் விட்டுவிடவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். புலி நடமாடும் காட்டோரம் அது. விளக்கு அவர்களுக்கு நம்மைவிட அவசியம். அவ்வளவு அவசியமான விளக்கையே கவிழ்த்து வைக்க முடிந்திருக்கிறது.

இன்னொன்று லடாக்கில், ஹான்லே என்னும் இடம். கடல்மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான்பௌதிக நிலையத்தின் தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டரை 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கும் மக்களை வெளியேற்றவில்லை. விளக்குக்கு மூடாக்கு, மஞ்சள் சாய்ந்த நிறம், ஜன்னலுக்குத் திரை, இரவில் வரும் வண்டிகளுக்குத் தாழ்ந்த முகப்பொளி என்று ஏற்பாடுகள் செய்தார்கள். வருவோருக்கு வானத்தைக் காட்டுவதற்கு உள்ளூர்க்காரர் இருபத்துநால்வரைப் பழக்கினார்கள். இருட்டே அவர்களுக்குப் பிழைப்பாகிவிட்டது. அங்குள்ள இரண்டு மீட்டர்த் தொலைநோக்கியின் பெயர் ஹிமாலயச் சந்திரா. 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. அவர் 1910-இல் பிறந்தது லாகூரில். தமிழர் குடும்பத்துப் பிள்ளை லாகூரில் பிறப்பானேன் என்றால், தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் அப்போது வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் துறையில் அதிகாரி. கணக்குப் பிரிவில் பேரேட்டோடு மல்லுக்கட்டும் நம் அன்பர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

ஆனால் ஹான்லேக்கும் பென்ச்சுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவது நம் வீட்டு வாசலுக்குப் பதிலாகாது. உலக முழுவதும் சாதாரண ஜனங்கள் தத்தம் வீட்டிலிருந்து வானத்தைப் பார்த்து எழுதியனுப்பிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகளைக்கொண்டு 2023-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்தவை. 2011-இலிருந்து 2022 வரை வானத்தின் வெளுப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடி வந்திருப்பதாக அது காட்டிற்று. குழந்தை பிறந்த அன்று 250 நட்சத்திரங்கள் தெரிந்த இடத்தில், அக்குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100 தெரியும். நாம் மனை வாங்குவதும் பிள்ளைகளுக்காகத்தானே?

நம் லேஅவுட்டுக்கு வருவோம். வந்த நால்வரில் ஒருவருடைய தங்கை கணவரை இழந்தவர், பள்ளி ஆசிரியை, மாலையில் டியூஷன் முடித்து இரவு ஒன்பதுக்கு மேல் ஸ்கூட்டியில் திரும்புபவர். அண்ணன் மனைக்கு அடுத்த மனை அவருடையது. நாம் பேசுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார்: “அண்ணா, நட்சத்திரத்தை நீங்க பாருங்க. எனக்கு ரோடு தெரியணும்.”

இதற்குப் பதில் சொல்லாமல் ஒளி மாசைப் பற்றி எழுதுகிறவர்கள், இரவில் தனியே வீடு திரும்பாதவர்கள் என்றே நாம் கருதுகிறோம். ஆகையால் இரண்டு பக்கத்து விவரங்களையும் தேடிப் பார்த்தோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளில் செலவைக் குறைப்பதற்காகத் தெருவிளக்குகளைச் சில மணி நேரம் அணைத்தும், மங்கவைத்தும், வெள்ளை விளக்காக மாற்றியும் பார்த்தார்கள். அதனால் விபத்தோ குற்றமோ கூடியதற்கு அத்தாட்சி இல்லை என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. மறுபுறம், நியூயார்க் நகரத்துப் பொதுக் குடியிருப்புகளில் 2016-இல் புதிதாக விளக்குக் கோபுரங்கள் வைத்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் பெருங்குற்றங்கள் 36 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டும் மெய்யான ஆய்வுகளே. நமக்குச் சாதகமான ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது முறையன்று. விளக்கு இல்லாமல் அஞ்சும் இடத்தில் விளக்கு வேண்டும். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சகோதரிக்கு வேண்டியது சாலையில் விழும் ஒளி. எதிரே வருபவர் முகம் தெரிய வேண்டும். காலி மனையின் புதர் ஓரம் தெரிய வேண்டும். கண்ணில் அடிக்கும் பிளட்லைட்டுக்குப் பின்னால் ஒருவர் நின்றால் நிற்பவருக்கு நம்மைத் தெரியும், நமக்கு அவரைத் தெரியாது. இதை அவரிடம் சொன்னபோது சிறிது யோசித்துவிட்டு, “அப்படியானால் நாலாப் பாலத்துத் திருப்பத்துக்கு ஒன்றல்ல, இரண்டு விளக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். எழுதிக்கொண்டோம். கூட்டத்தில் முன்வைக்கும் கோரிக்கையில் அதுவே முதலில் நிற்கிறது.

நம்முடன் வந்த எலக்ட்ரிகல் பிரிவு நண்பர் கம்பத்தின் உயரத்தையும் இடைவெளியையும் குறித்துக்கொண்டு போய்க் கணக்கிட்டார். முகம் தரையைப் பார்க்கக் கிடைமட்டமாகப் பொருத்திய 40 வாட் விளக்கு இத்தகைய சாலைக்குப் போதும் என்பது அவர் முடிவு. பிறகு நாம் நமக்குத் தெரிந்த வேலையைச் செய்தோம், கூட்டல் கழித்தல். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் 100 வாட் விளக்கு ஒன்று ஆண்டுக்கு 438 யூனிட் தின்னும். இருபது விளக்குக்கு 8,760. 40 வாட் என்றால் அதே இருபதுக்கு 3,504. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை பாதி ஒளிக்குத் தாழ்த்தும் அமைப்பு இருந்தால் 2,628. நாலாத் திருப்பத்துக்குக் கூடுதலாக ஒரு கம்பம் வைத்தாலும் 2,760-க்குள் அடங்கிவிடும். இந்தக் கட்டணத்தை மனையை விற்றவர் ஆயுள் முழுதும் கட்டப்போவதில்லை. சங்கம் அமைந்து பொறுப்பு கைமாறிய மாதத்திலிருந்து பராமரிப்புத் தொகையில் அது நம் தலைமேல்தான் விழும். பென்ஷனில் வாழ்வோர் பாதிப்பேர் உள்ள லேஅவுட் அது.

எல்.இ.டி. வந்ததே தவறு என்பார் கட்சியில் நாம் இல்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் 1.3 கோடிக்கு மேற்பட்ட விளக்குகளை மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆயினும் ஒரு பண்டம் மலிந்தால் கை தாராளமாகிவிடுகிறது. முன்பு ஒரு விளக்கு வைத்த வாசலில் இப்போது நான்கு. முன்பு பத்து மணிக்கு அணைத்தது இப்போது விடியும்வரை. எல்.இ.டி.யை வேண்டும்போது தாழ்த்தலாம், நினைத்த நொடியில் ஏற்றலாம், வேண்டிய திசைக்கு மட்டும் திருப்பலாம். பழைய விளக்குகளுக்கு இந்தச் சௌகரியங்கள் இத்தனை எளிதாக வாய்த்ததில்லை. சௌகரியத்தை வாங்கிவிட்டு உபயோகிக்காமல் இருக்கிறோம்.

பூச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் ஈசல் விளக்கைச் சுற்றி மொய்ப்பதைக் கண்டு, அது ஒளியை விரும்பி வருகிறது என்றே நாம் நினைத்திருந்தோம். அது விருப்பமன்று, தடுமாற்றம் என்று 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. பறக்கும் பூச்சி, ஒளி வரும் பக்கமே மேல்பக்கம் என்று கொண்டு, தன் முதுகை அதற்குக் காட்டிப் பறக்கிறதாம். வானம் மட்டுமே ஒளியாக இருந்த காலத்தில் அது சரியான கணக்கு. பக்கத்தில் ஒரு விளக்கு வந்ததும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பி அங்கேயே சுழன்று மாட்டிக்கொள்கிறது. மறுநாள் காலையில் கம்பத்தடியைப் பெருக்குபவருக்கு மீதிக்கதை தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டனர். ஒலிக்கு 2000-ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அளவு உண்டு. ஒளிக்கு நாடு முழுவதற்குமாக அத்தகைய விதி இல்லை. பிரான்ஸ் தேசம் 2018 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவில், புதிய தெருவிளக்குகளுக்கு 3000 கெல்வினுக்கு மேல் கூடாது, ஒளியில் ஒரு சதவீதம்கூட மேலே செல்லலாகாது என்று வகுத்துவிட்டது. நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், மனைப்பிரிவுக்குள் செய்து தரவேண்டிய பணிகளில் சாலை, சாக்கடையோடு தெருவிளக்கையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே விளக்கு என்பது விற்பவர் மனமுவந்து தரும் சீதனம் அன்று; நாம் விலை கொடுத்து வாங்கிய பொருள். எத்தகைய பொருள் என்று கேட்கும் பாத்தியதை நமக்கு உண்டு. கேட்பதற்குரிய வேளையும் இதுதான். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, விளக்கு மாட்டிய பின் மாற்றுவதென்றால் ஏணியும் ஆளும் புது விளக்கும் வேண்டும். நடுமுன் மாற்றுவதற்கு ஆர்டர் தாளில் இரண்டு வரி போதும்.

அந்த இரண்டு வரியில் என்ன எழுதுவது என்பதைக் கூட்டத்துக்குச் செல்வோர் மனத்திற்கொள்ளும்படி சொல்லிவிடுகிறோம். விளக்கின் கண்ணாடி தட்டையாக இருந்து தரையைப் பார்க்க வேண்டும். கம்பத்தின் கை எந்தக் கோணத்திலும் நிமிரக்கூடாது. நிறம் 3000 கெல்வின் அல்லது அதற்குக் கீழே. வாட்டைக் கண்மதிப்பாகக் குறிக்காமல், 4 லக்ஸா, 8 லக்ஸா என்று தெருவுக்குத் தக்கபடி கேட்டு அதற்கேற்ற வாட்டை அவர்களையே சொல்லச் செய்யுங்கள். இரவு பதினொன்றுக்குமேல் தாழ்வதற்கு டைமர் வேண்டும். பூங்காவுக்கு உருண்டை விளக்கு வேண்டாம். ஜன்னலுக்கு நேரே கம்பம் வருவதாயிருந்தால் இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவருக்கு நேரே நகர்த்தச் சொல்லுங்கள். நான்கடி நகர்த்தினால் இரண்டு குடும்பங்கள் தூங்கும். ‘மஞ்சள் விளக்கு மட்டமான விளக்கு’ என்று கூட்டத்தில் யாரேனும் சொல்லத்தான் போகிறார்கள். விலைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். வாதம் அதோடு நின்றுவிடும்.

ஏற்கெனவே வீடு கட்டிக் குடியேறியவர்கள் செய்யக்கூடியது சிறிது. காம்பவுண்டுச் சுவர்மேல் மேல்நோக்கி எரியும் விளக்கைக் கவிழ்த்துவிடலாம். அசோக மரத்தின் அடியிலிருந்து உச்சிக்கு ஒளி பாய்ச்சும் அலங்காரம், மரத்தில் அடையும் பறவைக்கும் நல்லதன்று, மின் கட்டணத்துக்கும் நல்லதன்று. வாசல் விளக்குக்கு ஆள் வந்தால் எரியும் வகை சுவிட்ச் கிடைக்கிறது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் நாலு நாள் சரவிளக்கு போடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. தை பிறந்த பிறகும் அது தொங்குவதைத்தான் சொல்கிறோம். கல்யாண லான்களில் முகூர்த்தம்தோறும் வானத்தைத் துழாவும் சுழல்விளக்கு வைக்கிறார்களே, அதற்கு நம் லேஅவுட்டின் தீர்மானம் எட்டாது. விளம்பரத்துக்காக வானத்தில் ஒளி பாய்ச்சுவதை அமெரிக்காவின் பிளாக்ஸ்டாப் நகரசபை 1958-லேயே தடைசெய்தது என்பதை மட்டும், நம் மாநகராட்சியில் பழக்கமுள்ள அன்பர்கள் காதில் போட்டு வைக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிருத்திகை நட்சத்திரம் நம் முன்னோர் அறுமீன் என்று அழைத்த சிறு கூட்டம். திருக்கார்த்திகை அன்று முழுநிலவு அதன் அருகிலேயே நிற்பதால் அன்று எண்ண இயலாது. இரண்டு வாரம் பொறுத்து, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஒன்பது பத்து மணிக்கு மொட்டைமாடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மாடி விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள், கைபேசியை எடுக்கவேண்டாம். பிறகு அண்ணாந்து பார்த்தால், ஏறக்குறைய உச்சியில் சிறு கொத்தாக அது தெரியும். எத்தனை மீன்கள் என்று ஆளுக்கொரு முறை எண்ணுங்கள். நல்ல இருட்டில் ஆறு தெரியும். கூர்ந்த கண்ணுக்கு ஏழும் தெரியும். மூன்றோ, வெறும் புகைபோன்ற திட்டோ, ஒன்றுமேயில்லையோ, எதுவாயினும் அந்த எண்ணையும், பேட்டை பெயரையும், எண்ணியவர் வயதையும் ஒரு தாளில் எழுதிச் சங்க நூலகத்து வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். வந்தவற்றைப் பேட்டைவாரியாகத் தொகுத்துத் தை இதழில் வெளியிடுகிறோம். மனைதாரர் கூட்டத்தில் நடந்ததையும் அதே இதழில் எழுதுவோம்.